காப்பீட்டுத் தாளையும் காட்டிய பயிற்சியாளர்: என் டிரைமிக்ஸ் பயிற்சி

பொழுதுபோக்கு ஸ்கூபா டைவிங்கின் எல்லை 40 மீட்டர் ஆழம். அதைத் தாண்டிப் போகும் டெக்னிக்கல் டைவிங்கில் நினைத்தவுடன் மேலே வர முடியாது; இடையிடையே நின்று, உடலில் கரைந்த வாயு வெளியேறிய பிறகுதான் வர வேண்டும். அதனால் 60 மீட்டருக்கான டிரைமிக்ஸ் (ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் கலந்த சுவாச வாயு) பயிற்சியில் சேருமுன் இரண்டு இடங்களில் விசாரித்தேன்.

முதல் இடத்தில் பயிற்சியாளரின் காப்பீட்டைப் பற்றிக் கேட்டதும், "அதெல்லாம் இருக்குங்க" என்று பேச்சை மாற்றினார்கள். கிளம்பிவிட்டேன். அடுத்த இடத்தில் பயிற்சியாளர் நான் கேட்காமலே பாலிசியை மேசைமேல் வைத்தார். டெக்னிக்கல் டைவிங் அதில் சேருமா, ஆழ வரம்பு எவ்வளவு, எந்தத் தேதிவரை செல்லும் என்று விரல் வைத்துக் காட்டினார். "விதியை மீறி உங்களை இறக்கினால் இந்தத் தாள் உதவாமல் போகலாம்" என்றார்.

பயிற்சியும் அப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டரையும் நானே வாயுவை அளக்கும் அனலைசரில் சோதித்து, ஆக்சிஜன் அளவையும் அதைச் சுவாசிக்கக்கூடிய அதிகபட்ச ஆழத்தையும் தேதியையும் டேப்பில் எழுதி ஒட்ட வேண்டும். 50 சதவீத ஆக்சிஜன் என்றால் 21 மீட்டர், சுத்த ஆக்சிஜன் என்றால் 6 மீட்டர். அதற்குக் கீழே அதைச் சுவாசித்தால் வலிப்பு வரலாம். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் சுவாசிக்க வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் நழுவிவிடலாம். ஒருநாள் அவசரத்தில் தேதி எழுதாமல் விட்டேன். டேப்பைக் கிழித்துவிட்டு மறுபடி சோதிக்கச் சொன்னார். படகு காத்திருந்தது, அவர் அசையவில்லை.

குறை என்றால், சிலிண்டர் வால்வை மூடித் திறக்கும் பயிற்சிக்கு இன்னும் ஒருநாள் ஒதுக்கியிருக்கலாம். என் கை தடுமாறியதைப் பார்த்துச் சான்றிதழை நிறுத்திவைத்திருக்கிறார். அடுத்த மாதம் அதற்காகவே மறுபடி போகிறேன்.