கிடங்கு அந்துப்பூச்சிக்கான இனக்கவர்ச்சிப் பொறி: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கம்பு, சாமை, வரகு ஆகியவற்றோடு நிலக்கடலையும் உலர்பழங்களும் விற்கும் சிறிய கடை எங்களுடையது. விளக்கு வைக்கும் நேரத்தில் கிடங்கில் அந்து பறப்பது கூடிக்கொண்டே போனதால், வேளாண் இடுபொருள் கடை ஒன்றில் இனக்கவர்ச்சிப் பொறி ஒரு செட் வாங்கினேன். முக்கோணமாக மடிக்கும் அட்டைக் கூடு ஒன்று, பசை அட்டைகள் நான்கு, லூர் எனப்படும், பூச்சியை இழுக்கும் மணம் ஏற்றிய ரப்பர் குமிழ் இரண்டு, நகைக்கடையில் பார்ப்பது போன்ற பத்து மடங்கு உருப்பெருக்கி லென்ஸ் ஒன்று ஆகியவை சேர்ந்து 650 ரூபாய். பெட்டியின் மேல் "தானியக் கிடங்கின் எல்லா அந்துப்பூச்சிகளுக்கும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்தச் சரக்கில் எனக்கு உள்ள முக்கியமான குறையே அந்த வாசகந்தான்.

வாங்கிய அன்றே கம்பு மூட்டைகளுக்கு மேல் பொறியைக் கட்டினேன். மூட்டை வாயில் நூல் கோத்துக் கம்பு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் ஏழெட்டு அந்து உட்கார்ந்திருந்தன. இருந்தும் இரண்டு வாரம் கழித்து அட்டையில் ஒன்றுகூட இல்லை, ஒரு பல்லிக்குட்டிதான் ஒட்டிக்கொண்டு கிடந்தது. போலிச் சரக்கு என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்கும் முன் கடைசியாக ஒரு முறை பார்ப்போமே என்று நிலக்கடலையும் திராட்சையும் வைக்கும் அறைக்கு மாற்றினேன். ஐந்தே இரவில் பதினோரு அந்து விழுந்தன.

பொறி பழுதில்லை, எங்கள் கம்பில் இருந்தது வேறு பூச்சி. எல்லாவற்றையும் அந்து என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவதால், இங்கே அறிவியற் பெயர்களையே எடுத்தாள்கிறேன். நம் கிடங்குகளில் அடிக்கடி காணப்படுபவை ப்ளோடியா, கேட்ரா, கார்சைரா, சிட்டோட்ரோகா என்ற நான்கும். முதல் இரண்டிலும் பெண் பூச்சிகள் ஆணை அழைக்க வெளிவிடும் மணத்தின் முக்கியப் பொருள் ஒன்றே என்பது 1971இல் கண்டறியப்பட்டது. லூரில் ஏற்றியிருப்பது அந்தப் பொருள்தான். ஆகவே அந்த இரண்டிலும் ஆண் பூச்சிகள் மட்டும் வந்து விழும். கார்சைராவில் மணம் விட்டு அழைப்பது ஆண், அந்த மணமும் வேறு. நெல்லைத் துளைக்கும் சிட்டோட்ரோகாவுக்கும் வேறு லூர்தான் வேண்டும். நான்கில் இரண்டுக்கு உதவாத பொறியை எல்லாவற்றுக்கும் என்று விற்கிறார்கள்.

விழுந்த இரண்டைப் பிரித்தறிவதிலும் சிக்கல் உண்டு. சேதப்படாத ப்ளோடியாவை அடையாளம் காண்பது எளிது. முன்னிறகில் தலையை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு வெளிறிய சாம்பலாகவும், மிச்சம் முழுவதும் செம்பு நிறமாகவும், உடல் ஒரு நிறம் முந்தானை ஒரு நிறமென நெய்த சேலைபோல் இருக்கும். கேட்ராவில் அப்படிப் பளிச்சென்ற பிரிவு கிடையாது. சாம்பல் கலந்த பழுப்பில் மங்கலான ஒரு பட்டை குறுக்கே ஓடும், அவ்வளவுதான். ஆனால் பசையில் விழுந்த பூச்சி விடியும்வரை படபடத்து இறகுச் செதில்களை உதிர்த்துவிடுவதால், காலையில் லென்ஸை வைத்துப் பார்க்கும்போது இரண்டும் ஒரே சாம்பல் தூளாகத்தான் தெரியும். அந்த நிலையில் எனக்குக் கைகொடுத்தது முகம். ப்ளோடியாவின் வாயருகே உள்ள உணரிகள் இரண்டும் சேர்ந்து சிறு அலகுபோல் நேரே முன்னால் நீண்டிருக்கும். கேட்ராவில் அவை நெற்றியை நோக்கி மேலே வளைந்திருக்கும். தலை பசையில் கவிழாமல் இருந்தால்தான் இதுவும் தெரியும். முதல் அட்டையில் சேர்ந்த 23 பூச்சிகளில் பதினான்கை மட்டுமே உறுதியாகப் பிரித்தேன். மற்றவற்றுக்கு வயிற்றை வெட்டிக் காரக் கரைசலில் கொதிக்கவைத்து இனப்பெருக்க உறுப்பைப் பார்க்கும் ஆய்வக முறைதான் வழி. கடைக்காரன் செய்யும் வேலை அல்ல அது.

உண்மையில் இந்தப் பெட்டியில் விலைக்குத் தகுந்த பொருள் அந்த லென்ஸ்தான். சுவரில் உட்கார்ந்திருக்கும் அந்தின் மேல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, அப்படியே குளிர்பதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் அது அசையாமல் கிடக்கும், செதிலும் உதிராது. கம்பு அறைப் பூச்சிகளை அப்படித்தான் பார்த்தேன். இறகில் கோலம் எதுவும் இல்லாமல், நரம்புகள் மட்டும் பென்சிலால் இழுத்ததுபோல் சற்றுக் கறுத்திருந்தன. சிலவற்றுக்கு அலகு நீளம், சிலவற்றுக்குக் குட்டை என்பதால் இரண்டு இனம் என்றே ஒரு வாரம் தனித்தனியாகக் குறித்துவந்தேன். கார்சைராவில் பெண்ணுக்கு நீளம், ஆணுக்குக் குட்டை என்பது பிறகுதான் தெரிந்தது. (பயிரைத் தாக்கும் பூச்சிகளின் முட்டைக்குள் வளர்ந்து அவற்றை அழிக்கும் ட்ரைக்கோகிரம்மா என்ற சிறு குளவியைப் பெருக்குவதற்காக ஆய்வகங்களில் இதே கார்சைராவைக் கம்பு போட்டு வளர்க்கிறார்கள். என் கம்பில் அது தழைத்ததில் வியப்பேதும் இல்லை.) சிட்டோட்ரோகா எங்களிடம் கிடைக்கவில்லை, நெல் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். வைக்கோல் நிறம், மற்றவற்றைவிடச் சிறியது. இறகை விரித்தால் பின்னிறகின் நுனி விரல்போல் கூராக நீண்டு, ஓரத்தில் நீளமான மயிர்க்குஞ்சம் தொங்கும். நெல்மணியில் வட்டத் துளை இருந்தால் இவ்வளவு பார்க்கவும் தேவையில்லை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று என் தம்பி கேட்டான். செய்ய வேண்டிய வேலையே மாறிவிடுகிறது. சிட்டோட்ரோகாவின் புழு மணிக்குள்ளேயே வளர்வதால் சலிப்பதில் பயனில்லை. கார்சைரா நூல் கட்டிய கட்டிக்குள்ளேயே கூண்டுப்புழுவாகிவிடும். மூட்டையைக் கொட்டிச் சலித்துக் கட்டிகளை அகற்றினால் பெரும்பகுதி போய்விடும். ப்ளோடியாவோ வளர்ந்ததும் தீனியை விட்டு ஊர்ந்து போய்ச் சுவர் மூலையிலும் டப்பா மூடியின் விளிம்பிலும் கூடு கட்டும். மூட்டையை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த மாதமே பழைய கதைதான்.

உள்ளே இருந்த விளக்கத் தாளைத் திருத்தியே ஆக வேண்டும். படங்கள் அத்தனையும் இறகை விரித்து ஊசி குத்திய பூச்சிகள். பொறியில் விழுபவையோ இறகை மடித்தவை. ப்ளோடியாவின் ஆங்கிலப் பெயரை "இந்திய உணவு அந்து" என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் வருவது நம் இந்தியா அல்ல, இந்தியன் மீல் என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்ட மக்காச்சோள மாவு. நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளர் ஏசா ஃபிட்ச் 1856இல் வைத்த பெயர் அது. லூர் மூன்று மாதம் வரும் என்றார்கள். எனக்கு ஏழு வாரத்திலேயே விழுவது குறைந்து, இரண்டாவது லூரை மாட்டியதும் மறுபடி கூடியது. சிறுதானியத் தூசி படிந்தால் பசை சீக்கிரம் செத்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

உலர்பழம், நிலக்கடலை, மாவு வியாபாரம் செய்பவர்கள் இதைத் தாராளமாக வாங்கலாம், அந்து வந்துவிட்டது என்பதை முதல் வாரத்திலேயே காட்டிக்கொடுக்கும். கிடங்கில் நெல் மட்டுமோ, என்னைப்போல் கார்சைரா பிடித்த கம்போ வைத்திருப்பவர்களுக்கு 650 ரூபாய் வீண். பசை அட்டை தீர்ந்ததும் அட்டை, லூர் இரண்டையும் கடலை அறைக்கு மட்டும் தனியாக வாங்கப்போகிறேன். லென்ஸ் இப்போது கல்லாப் பெட்டிக்குள் இருக்கிறது.