போடாத கையெழுத்துக்குப் போன சம்பளம்

2023 ஓகஸ்ட் மாதச் சம்பளச் சீட்டில் 9,750 ரூபா குறைந்திருந்தது. சம்பளம் போடும் அக்காவிடம் கேட்டேன். "நீங்கள் பிணை நின்ற கடன், தம்பி. லீசிங் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது" என்றார், தலை நிமிராமலே. சொந்த மச்சானின் லீசிங்குக்கே பிணை நிற்க மறுத்து, ஒரு வருடம் அந்த வீட்டுப் படியேறாமல் இருந்தவன் நான்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். 2014இல் யாரோ ஒருவர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறார். நான்கு தவணை கட்டியதோடு ஆளைக் காணவில்லை. இரண்டாவது பிணையாளியாக என் பெயர், என் அடையாள அட்டை இலக்கம். தவணை தவறினால் சம்பளத்தில் கழிக்கச் சம்மதம் என்றொரு படிவமும் இணைத்திருந்தார்கள். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு கையெழுத்து. நான் பள்ளிக்கூடக் காலந்தொட்டுத் தமிழில்தான் கையெழுத்திடுகிறேன். என்னுடன் பத்து அடி தூரத்தில் வேலை செய்கிறவர்கள், கடிதத் தலைப்பையும் சீலையும் கண்டவுடன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கழித்துவிட்டார்கள். கம்பனி மீதான கோபத்தை விட இந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கம்பனியின் யாழ் நகரக் கிளைக்குப் போனபோது தேநீர் தந்து உபசரித்தார்கள். "பழைய கணக்குத்தானே அண்ணை, பாதியைக் கட்டி முடித்துவிடுங்கள். கிரிப்பிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறோம்" என்றார் அங்கிருந்த ஓர் இளைஞர். கிரிப் என்பது யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்துவைக்கும் கடன் தகவல் பணியகம். உண்மையில் எனக்கும் சபலம் தட்டியது. அலைச்சல் மிச்சம் அல்லவா? நல்ல வேளையாக அன்று மாலை தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனேன். எழுத்து ஒப்பந்தக் கடனுக்குப் பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும், இடையில் நூறு ரூபா கட்டினாலும் கடனை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்றார். நீதிமன்றம் போனால் கையெழுத்து என்னுடையது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். சம்பளத்தில் கை வைப்பதற்கு ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

கோப்பைக் காட்டுங்கள் என்று மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை முகாமையாளர் வேண்டாவெறுப்பாக எடுத்து மேசையில் போட்டார். விண்ணப்பத்தில் என் தொழில் மேசன். பின்னால் குத்தியிருந்த அடையாள அட்டைப் பிரதியிலோ, சாதாரண தரப் பரீட்சைக்காக எடுத்த அட்டை என்பதால், தொழில் மாணவர். இந்த இரண்டையும் ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பிரதியின் மூலையில் நீலப் பேனாவால் எழுதிய இரண்டு இலக்கங்கள், பாதி வெட்டுப்பட்டு, கருநிழலாகத் தெரிந்தன. என் பழைய தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள், எழுத்தும் என்னுடையது. 2013 நல்லூர்த் திருவிழாவில் குடை விரித்து சிம் விற்றவர்களிடம் கொடுத்த பிரதியில்தான் நான் அப்படி எண்ணை எழுதினேன். அது எத்தனை கைகள் மாறி இந்தக் கோப்புக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

பொலிஸில் முதல் நாள், இது காசுப் பிரச்சினை என்று திருப்பி அனுப்பினார்கள். கள்ளக் கையெழுத்து என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு போன பிறகுதான் முறைப்பாட்டை எடுத்தார்கள். அந்த முறைப்பாட்டின் பிரதியுடன், சம்பளத்தில் கழிக்க நான் எவருக்கும் சம்மதம் தரவில்லை என்று அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்தேன். வாயால் எவ்வளவு சொல்லியும் நடக்காதது அந்த ஒரு கடிதத்தில் நடந்தது.

இதை வாசிப்பவர்கள் தங்கள் கிரிப் அறிக்கையை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கடன் எடுத்தவர் பெயர் மட்டுமல்ல, பிணை நின்றவர் பெயரும் அதில் விழும். அடையாள அட்டைப் பிரதி கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு இழுத்து, எதற்காக, எந்தத் திகதியில் என்று படத்தின் மேலேயே படும்படி எழுதுங்கள். மூலையில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

மூன்றாம் மாதம் கழித்த காசு கம்பனிக்குப் போகாமல் அலுவலகத்திலேயே நின்றதால் கைக்கு வந்துவிட்டது. முதல் இரண்டு மாதத்து 19,500 ரூபா கொழும்புத் தலைமை அலுவலகத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கிறதாம். போன கிழமை கிளைக்குப் போனேன். காசைத் திருப்பித் தர என் அடையாள அட்டையின் பிரதி ஒன்று வேண்டும் என்றார்கள். கோடிழுத்து, காரணமும் திகதியும் எழுதிக் கொடுத்தேன்.

"இது சரிவராது அண்ணை, எழுத்து இல்லாத கொப்பி ஒன்று கொண்டுவாருங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.