தடுப்பூசிக்குப் பிறகு சோடியம் 118: ஊர் போன இடத்தில் பார்த்த மருத்துவ சேவை

இந்த முறை லீவில் பாதி ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டது. குறை சொல்லவும் இருக்கிறது, மெச்சிக்கொள்ளவும் இருக்கிறது.

அம்மாவுக்குக் கோவிட் தடுப்பூசி போட்டதும் லேசான காய்ச்சல், உடம்பு வலி. வழக்கமாக வருவதுதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம், அவரும் டம்ளர் டம்ளராகக் குடித்தார். அப்புறம் தலைவலி, குமட்டல். மறுநாள் பேச்சு சம்பந்தமில்லாமல் வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே தேடினார். போட்டுவிட்டால், "இது யாரோடது?" என்று கேட்டார்.

முதலில் போன கிளினிக்கில், வயசு, ஊசி போட்ட அசதி என்று சொல்லி ரத்தம்கூடப் பார்க்காமல் குளுக்கோஸ் ஏற்றக் கிளம்பினார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நல்லதாகப் போயிற்று. அந்த நிலையில் குளுக்கோஸ் நீர் உள்ளே போயிருந்தால், ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருந்த சோடியம், அதாவது உப்புச்சத்து, இன்னும் இறங்கியிருக்கும்.

அங்கே அவசரப் பிரிவு நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிரஷர் மாத்திரையில் தயசைட் (சிறுநீரைக் கூட்டும் மருந்து, சோடியத்தையும் இறக்கிவிடலாம்) இருப்பதைக் குறித்துக்கொண்டார். ரத்த முடிவும் சீக்கிரமே வந்தது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் 118. சர்க்கரை ஏறியிருந்தாலும் சோடியம் குறைவாகக் காட்டுமாம், அதையும் பார்த்துவிட்டார்கள். சிறுநீரும் சோதனைக்குப் போனது. உடம்பில் தண்ணீர் மிஞ்சினால் சிறுநீர் நீர்த்துப்போக வேண்டும். அம்மாவுக்குக் கெட்டியாகவே இருந்தது, அதாவது சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடவில்லை.

ஊசிதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். அடித்துச் சொல்ல முடியாது என்றார். தடுப்பூசிக்குப் பிறகு உடம்பில் கிளம்பும் அழற்சியில் இன்டர்லூகின்-6 என்ற பொருள் கூடும், அது தண்ணீரைத் தக்கவைக்கும் வாசோப்ரெசின் ஹார்மோனைத் தூண்டிவிடலாம். கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு இப்படி ஆன ஒரு சிலரைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது, ஆனால் அபூர்வம். அம்மாவுக்கோ தயசைட்டும் இருந்தது, தண்ணீரும் அளவுக்கு மேல் போயிருந்தது. மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது.

3 சதவீத உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சித்தி, "சீக்கிரம் ஏத்தக் கூடாதா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கூடாது. 24 மணி நேரத்தில் சோடியத்தை 8 மில்லிமோலுக்குள்தான் ஏற்றப் பார்ப்பார்களாம். வேகமாக ஏறினால் மூளைத்தண்டில் நரம்பின் உறை சிதைந்து, கை கால் விளங்காமல் போகலாம். உப்பு குறைந்துவிட்டதென்று வீட்டில் உப்பை அள்ளிக் கொடுப்பதும் வேலைக்கு ஆகாது, இங்கே சிக்கலே மிஞ்சிப்போன தண்ணீர்தான். தெளிவு வந்த பிறகும் குடிக்கும் தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள்.

எரிச்சல் வந்தது காகித வேலையில். டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊசி போட்ட இடத்தில் பேட்ச் எண் எழுதிக் கொடுக்கவில்லை, போன் மேல் போன் போட்டுத்தான் வாங்க முடிந்தது. பிடிவாதமாக நின்று இரண்டையும் சீட்டில் எழுத வைத்தேன். பக்கவிளைவு அறிக்கையை டாக்டரே நிரப்பி அனுப்பினார். பிரஷர் மாத்திரையை மாற்றிவிட்டார். அடுத்த ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை, போடும் முன்பும் போட்ட சில நாளிலும் சோடியம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.