அரை சாண் மண்ணில் எது நிற்கும்?

எங்கள் வீடு கோத்தகிரியில், சரிவை வெட்டிக் கட்டியது. மலையில் பாதி வீடுகள் அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால், தடுப்புச்சுவருக்கு மேலே, முப்பதடி நீளம் நாலடி அகலத்தில் ஒரு திட்டு மிஞ்சியது. மேல்மண்ணை ஜேசிபி எப்போதோ வழித்துக்கொண்டு போய்விட்டது. கடப்பாறையைப் போட்டால் அரை சாணில் ‘டங்’ என்று பாறை. சில இடத்தில் ஒரு சாண் இறங்கும், அதுவும் பாதி சரளை. வேலைக்கு வந்த அண்ணன் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, “சார், இதுல மண்ணு எங்க இருக்கு, தூசிதான் இருக்கு” என்றார்.

மண் கொட்டினால் ஆச்சு என்றுதான் முதலில் நினைத்தோம். வண்டி மேலே வராது. நாற்பது மூட்டை, அத்தனையும் தலைச்சுமை. கோத்தகிரி கிழக்குச் சரிவு. எங்களுக்கு ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. வழுக்குப் பாறைமேல் போட்ட மண்ணுக்கு அடியில் தண்ணீர் புகுந்து ஓடினால் என்ன ஆகும்? இரண்டே இரவில் கொட்டியதில் பெரும்பகுதி சுவரைத் தாண்டிச் சாக்கடைக்குப் போய்விட்டது. கூலி கொடுத்து வாங்கிய பாடம். அதற்குப் பிறகு இருக்கிற மண்ணில் எது நிற்கும் என்று பார்க்க ஆரம்பித்தோம். நாலு வருஷமாக நட்டும் பிடுங்கியும் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் மழைக்காலத்தில் எதை ஊன்றினாலும் தளிர்க்கும். ஜூலையில் செழிப்பைப் பார்த்துச் செடிக்கு மார்க் போட்டால் ஏமாந்துபோவோம். தை பிறந்து பங்குனி வரைக்கும் பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரியில் நடுக்கும் குளிர், நடுவில் ஈரத்தை உறிஞ்சும் காற்று. ஆழ மண் உள்ள செடி கீழே இருந்து தண்ணீர் இழுத்துக்கொள்ளும். அரை சாணில் நிற்பது எங்கே போகும்? அதனால் என் பரீட்சை பிப்ரவரியில்தான்.

அந்தப் பரீட்சையில் முதலில் தோற்றது ஹைட்ரேஞ்சியா. என் மனைவிக்கு அதன்மேல் உயிர். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பார்த்த அந்த நீலப்பந்து வீட்டிலும் வேண்டும். நம் மலை மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் இந்தப் பூ நீலமாகிறது. ஆறு செடி வைத்தோம். மார்ச்சில் காலை பதினோரு மணிக்கே இலை துவண்டு, நனைத்துப் போட்ட துணி மாதிரி தொங்கும். சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றினால் நிமிரும். மறுநாள் அதே கதை. ஆழமும் ஈரமும் இல்லாத இடத்தில் இதை வைப்பது செடிக்கும் கொடுமை, குடம் தூக்குகிறவருக்கும் கொடுமை. ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. சுவரை ஒட்டி இருந்த இரண்டு மட்டும் நீலம் மாறி ரோஸ் நிறத்தில் பூத்தன. புதுச் சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து அந்த ஓரத்து மண்ணின் புளிப்பைக் குறைத்துவிட்டது. இது பின்னால் உதவியது, வருகிறேன்.

உண்மையான போட்டி ஜெரேனியத்துக்கும் ரோஸ்மேரிக்கும்தான்.

ஜெரேனியம் நீலகிரியில் ஜன்னலுக்கு ஜன்னல் இருக்கிறது. பழைய பெயின்ட் டப்பாவில்கூட வளரும். தென்னாப்பிரிக்காக்காரச் செடி; சதைப்பற்றுள்ள தண்டில் தண்ணீரைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் ஒரு தண்டை ஒடித்து, ஒரு நாள் காயவைத்து ஊன்றினால் போதும், காசு செலவில்லை. என் பிப்ரவரிப் பரீட்சையில் அது முதல் மாணவன்: வாரம் ஒரு சொம்பு தண்ணீர், அதற்கே சிவப்பாகப் பூத்துத் தள்ளியது. விழுந்தது கார்த்திகையில். பத்து நாள் விடாமல் தூறல், மூடுபனி. பூக்கொத்து சாம்பல் பூசணம் பிடித்து அழுகியது. தண்டின் அடி கறுத்தது. ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது. பத்தில் நாலு போயிற்று. கூரை நீட்டத்துக்குக் கீழே, மழை நேராக விழாத இடத்தில் இருந்தவை தப்பித்தன.

அக்கா ஊட்டியில் இருக்கிறாள். அங்கே கதை வேறு. நாங்கள் சுமார் 1,800 மீட்டரில் இருந்தால் ஊட்டி 2,240 மீட்டர். ஜனவரியில் பள்ளத்துப் புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி உறைபனி. ஒரே ராத்திரியில் அவள் ஜெரேனியம் வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிட்டதாம். சாயங்காலமே பழைய சேலையைப் போர்த்தி வைக்கப் பொறுமை இருந்தால் அங்கே வளர்க்கலாம்.

ரோஸ்மேரிக்கு உறைபனி அவ்வளவு பொருட்டில்லை. மத்தியதரைக் கடலோரக் கல்லுக்காட்டுச் செடி அது. சரளையும் வறட்சியும் அதற்குப் பிறந்த வீடு. அதிக உரம் போட்டால்தான் சொத்தையாக வளர்ந்து வாசனை குறையும். வேர் தண்ணீரில் நிற்பதும் கடும் புளிப்பு மண்ணும் அதற்கு ஆகாது. தண்ணீர் பிரச்சினையைச் சரிவே தீர்த்துவிட்டது. நடுத்திட்டில் வைத்தவை உயிரோடு இருந்தன, அவ்வளவுதான், முழங்காலுக்குக்கூட வரவில்லை. அப்போதுதான் ரோஸ் நிறத்தில் பூத்த ஹைட்ரேஞ்சியா ஞாபகம் வந்தது. அவற்றை எடுத்துவிட்டு அந்தச் சுவர் ஓரத்தில் ரோஸ்மேரியை மாற்றினேன். இரண்டு வருஷத்தில் இடுப்பளவு. இப்போது கொத்துக் கொத்தாக வெட்டி உருளைக்கிழங்கு வறுவலில் போடுகிறோம். மாமியார் மட்டும் “தைலம் மாதிரி அடிக்குது” என்று ஒதுக்கி வைப்பார்.

இரண்டில் ஒன்றுதான் என்றால்? பூதான் வேண்டும், மழை மறைப்பும் இருக்கிறது என்றால் ஜெரேனியம். வானம் பார்த்த திறந்த இடத்துக்கு ரோஸ்மேரி. ஊட்டி, அவலாஞ்சி பக்கம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரோஸ்மேரி.

மண் பிடிக்க வேண்டிய விளிம்புக்கு இரண்டுமே போதாது. அங்கே மோதியவை கிக்கியூ புல்லும் அகபாந்தஸ் என்கிற பூச்செடியும். கிக்கியூ கென்யா மலைநாட்டுப் புல், மூன்றே மாதத்தில் பச்சைக் கம்பளம் விரித்துவிடும். ஆனால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காது. அடுத்த வருஷம் என் பீன்ஸ் பாத்திக்குள் இருந்தது. கணு ஒன்று மிஞ்சினாலும் திரும்ப வரும். போதாததற்குக் காட்டெருமைக்கு அது விருந்து. ஒரு விடியற்காலையில் கதவைத் திறந்தால் பத்தடி தூரத்தில் முதுகு மட்டும் தெரிந்தது. மேய்ந்ததுகூடப் பரவாயில்லை, அந்தக் குளம்புக்குச் சரிவு தாங்குமா? விளிம்பில் ஒரு முழம் இடிந்து இறங்கியது. அகபாந்தஸ் மெதுவாகத்தான் வளரும், முதல் இரண்டு வருஷம் பூக்கவே இல்லை. ஆனால் அதன் சதைப்பிடிப்பான வேர்கள் பின்னிக்கொண்டு சரளையைக் கூடை மாதிரி பிடித்துக்கொள்கின்றன. நெருக்கினாலும் பூக்கும். நீலப்பூவுக்கு ஏங்கினவருக்கு நீலமும் கிடைத்தது.

குறிஞ்சி வைக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. மெல்லிய மண் புல்வெளிச் சரிவு அதன் சொந்த இடம்தான். ஆனால் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. அதற்கும் மேலே, அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள செடி. மலையிலிருந்து பிடுங்கி வந்து நடுகிற ஆசையை விட்டுவிடுங்கள். நம் மண்ணின் செடிதான் வேண்டும் என்றால் தவிட்டுப்பழம் இருக்கிறது. புளிப்பு மண், ஏழை மண், எதற்கும் முகம் சுளிக்காது. ரோஸ் நிறப் பூ, அப்புறம் கருநீலப் பழம். என்னிடம் ஒன்று இருக்கிறது. பழத்தில் முக்கால்வாசி கொண்டைக்குருவிக்கு.

ஸ்காட்ச் புரூம், கார்ஸ் என்கிற மஞ்சள் பூப் புதர்களும் இந்த மாதிரி இடத்தில் ஜோராக வரும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தவை, இப்போது நீலகிரிப் புல்வெளிகளையே விழுங்கிக்கொண்டிருக்கின்றன. சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

இப்போதைய நிலவரம்: விளிம்பில் அகபாந்தஸ், சுவர் ஓரம் ரோஸ்மேரி, கூரை நீட்டத்துக்குக் கீழே ஆறு ஜெரேனியம், மூலையில் தவிட்டுச் செடி. நடுவில் ஆறடி வெறும் பாறை. அதை அப்படியே விட்டுவிட்டோம், மிளகாய் காயப்போட வசதி. ஹைட்ரேஞ்சியாக்களைக் கூரைத் தண்ணீர் விழும் முன்பக்கத்துக்கு மாற்றினோம், அங்கே முழங்கை ஆழத்துக்கு மண் உண்டு. ரோஸாக இருந்த இரண்டும் மறு வருஷமே நீலத்துக்குத் திரும்பிவிட்டன. அந்த ரோஸே நல்லாயிருந்தது என்கிறாள் மனைவி.