கிறிஸ்தவப் பள்ளியில் சாமி பாடம்: மூன்று வருஷம் பார்த்த ஒரு அம்மா சொல்வது

பர்கூரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர் வரும் வழியில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கன்னியர்கள் நடத்துகிற, அரசு உதவி பெறும் பள்ளி. ஒரு குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயர் எழுதவில்லை.

தமிழ், கணக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. 2024 ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கிற என்னை மாதிரி அம்மாக்களுக்குப் பெரிய நிம்மதி. நான் எழுத வந்தது சாமி பாடத்தைப் பற்றி. கடைக்கு வருகிற பெண்கள், என் பிள்ளை எங்கே படிக்கிறாள் என்று தெரிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மதம் மாத்திடுவாங்களாக்கா?" என் மாமனாரும் சேர்க்கும்போது அதையேதான் கேட்டார். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு பீரியட். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மதப் பாடத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு அதை நடத்துகிற மிஸ் கிறிஸ்தவர். அதை அவர் மறைப்பதில்லை. கழுத்தில் சிலுவை போட்டிருப்பார், "நான் இயேசுவை நம்புறேன்" என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்வார். எனக்கு முதலில் அது உறுத்தியது. இப்போது அதுதான் நல்லது என்று நினைக்கிறேன். தான் எங்கே நிற்கிறேன் என்று முன்னாடியே சொல்லிவிட்டவர், பிள்ளைகளை மறைமுகமாக எந்தப் பக்கமும் இழுக்க வேண்டியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒரே ஒரு விதி. யார் பேசினாலும் "எங்க வீட்ல" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். "இந்துக்கள் இப்படிச் செய்வாங்க", "அவங்க அப்படி" என்று ஆரம்பித்தால் மிஸ் நிறுத்திவிடுவார். எட்டு வயசுப் பிள்ளைக்கு இந்து மதம், இஸ்லாம் என்பதெல்லாம் பெரிய வார்த்தை. வீட்டில் யார் விளக்கேற்றுகிறார்கள், எந்தக் கிழமை கறி எடுப்பதில்லை, தாத்தா திதிக்கு என்ன சமைக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும். தெரிந்ததிலிருந்து பேசும்போது பிள்ளை தப்பாகப் பேச வழியில்லை.

என் மகள் அங்கே பேசியது எங்கள் குலசாமியைப் பற்றி. எங்களுக்கு வேடியப்பன். ஊருக்கு வெளியே புளிய மரத்தடியில் கோயில், உள்ளே ஒரு கல், அதில் வில் பிடித்து நிற்கிற ஒருவர், வெளியே மண் குதிரைகள். "எங்க வீட்ல சாமி ஒரு கல்லு, அதுல வில்லு வச்சிக்கினு ஒருத்தர் நிக்கிறார்" என்று சொல்லியிருக்கிறாள். பின் வரிசையில் ஒருவன் சிரித்திருக்கிறான். மிஸ் சிரிக்கவும் இல்லை, அவனைத் திட்டவும் இல்லை. "அவர் யாருன்னு வீட்ல கேட்டுட்டு வா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

சத்தியமாக எனக்குத் தெரியாது. பொங்கல் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன், யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மாமனார்தான் சொன்னார், மாட்டைக் களவாடிக்கொண்டு போனவர்களை மறித்துச் சண்டை போட்டுச் செத்த ஒரு வீரர் என்று. அடுத்த வாரம் மிஸ் பிள்ளைகளைக் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய் அங்கே இருக்கிற நடுகற்களைக் காட்டினார். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறைய இருக்கின்றன, பலவற்றில் வட்டெழுத்தில் செத்தவர் பெயரும் எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தார் என்பதும் வெட்டியிருக்கும், மந்தைக்கு அந்தக் காலத்துச் சொல் 'தொறு' என்பதெல்லாம் என் மகள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் பல வேடியப்பன் கோயில்களில் இருப்பது இப்படிப்பட்ட கல்தான். எந்த மதப் புத்தகத்திலும் பாடமாக வராத எங்கள் சாமிக்கு ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அன்றிலிருந்து மாமனார் மதம் மாற்றுவது பற்றிப் பேசுவதில்லை. பேத்தியிடம் இன்னும் என்ன கேட்டார்கள் என்றுதான் விசாரிக்கிறார்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று சொல்லி மூடிவிடுவதில்லை. நான் படித்த பள்ளியில் நீதி போதனை வகுப்பென்றால் அந்த ஒரு வரிதான். அதற்குமேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை. இங்கே பக்ரீத் சமயத்தில் ஒரு பையன், இப்ராஹீம் நபி மகன் இஸ்மாயிலைப் பலி கொடுக்கப் போன கதையைச் சொன்னான். உடனே மறைக்கல்விப் பிள்ளை ஒன்று எழுந்து, "இல்ல மிஸ், அது ஆபிரகாம், மகன் பேரு ஈசாக்கு" என்றது. எந்த மகன் என்று இரண்டும் சண்டைக்கே போய்விட்டன. மிஸ் பலகையில் நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் ஈசாக்கு, மறுபக்கம் இஸ்மாயில் என்று எழுதினார். பைபிளில், தொடக்கநூல் 22ஆம் அதிகாரத்தில், ஈசாக்கு என்றே இருக்கிறது. குர்ஆனில் அந்த இடத்தில் மகனின் பெயர் இல்லை, இஸ்மாயில் என்பது முஸ்லிம்களிடம் பரவலாக நிலைத்த கருத்து. இதை அந்தப் பையனின் அப்பாவிடம் கேட்டு வந்து மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னார். கோட்டை அழிக்கவே இல்லை.

"எது சரிம்மா?" என்று மகள் என்னிடம் கேட்டாள். மிஸ் என்ன சொன்னாங்க என்றேன். "எனக்கு ஈசாக்கு, அவங்களுக்கு இஸ்மாயில், ரெண்டு பேரையும் அவங்கவங்க பேர் சொல்லித்தான் கூப்பிடணும்னாங்க."

அதே வகுப்பில் ஒரு பையன் வீட்டில் சாமி படமே கிடையாது. "எங்க வீட்ல பெரியார் தாத்தா படம் இருக்கு, சாமி கும்பிட மாட்டோம்" என்றானாம். அவனையும் மற்றவர்களைக் கேட்ட மாதிரியே கேட்டிருக்கிறார்: கல்யாணம் எப்படிப் பண்ணுவீங்க, யாராவது செத்தா என்ன பண்ணுவீங்க, எது தப்பு எது சரின்னு எப்படி முடிவு பண்ணுவீங்க. சாமி இல்லாத வீட்டுக்கும் உலகத்தைப் பார்க்கிற ஒரு பார்வை உண்டு என்று எட்டு வயசிலேயே பிள்ளைகளுக்குப் புரிய வைப்பது சின்ன விஷயம் இல்லை. கன்னியர்கள் நடத்துகிற பள்ளியில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது குறை. முதல் வருஷம் சேர்க்கை ஃபாரத்தோடு ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து மகள் வீட்டில் 'அருள் நிறைந்த மரியே' சொல்ல ஆரம்பித்தபோதுதான் அவள் மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்த ஜெபம் அழகானதுதான், அதில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. என்னைக் கேட்காமல் நடந்ததுதான் வலித்தது. அன்று இரவு மாமனார் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்த் தலைமை ஆசிரியை சிஸ்டரைப் பார்த்தேன். சண்டை போடத் தயாராகத்தான் போனேன். சிஸ்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்க தப்பும்மா" என்றார். அரசியல் சட்டம் 28(3) பிரிவு பற்றி அவரே விளக்கினார்: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறுகிற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. அன்றைக்கே வகுப்பை மாற்றினார்கள். அடுத்த வருஷத்திலிருந்து தாள் தமிழில் வந்தது, பெற்றோர் கூட்டத்தில் வாசித்தும் காட்டினார்கள். தப்பைத் திருத்திக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் தீராத குறை ஒன்று இருக்கிறது. மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு வருஷக் கடைசியில் தேர்வு, சான்றிதழ், ஆண்டு விழாவில் மேடையில் பரிசு எல்லாம் உண்டு. நன்னெறிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. போன வருஷம் என் மகள் கீழே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டே இருந்தாள், வீட்டுக்கு வந்து, "நம்ம கிளாஸ்ல பரிசு கிடையாதாம்மா?" என்றாள். இரண்டு முறை கேட்டுவிட்டேன், நிர்வாகத்திடம் பேசுகிறோம் என்கிறார்கள். இன்னொரு கவலையும் உண்டு. இத்தனையும் அந்த ஒரு மிஸ்ஸின் கைவண்ணம். நாலாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை பீரியடில் வாய்ப்பாடு ஒப்பிக்க வைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான். நன்னெறிக்கு இருக்கிற மெல்லிய புத்தகத்தில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல், பொய் பேசாதே என்கிற அளவில்தான் பாடம். மிஸ் செய்வதையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டும், அவர் மாறிப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பரிசு விஷயத்துக்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.

சின்னவனை வருகிற ஜூனில் அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறோம். தமிழ்த் தாளை வாங்கி வந்து மாமனாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்துவிட்டு, நன்னெறி என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டார். "வெள்ளிக்கிழமை கிளாஸ் இவனுக்கும் உண்டான்னு கேட்டுட்டு வாம்மா" என்றார். ஒன்றாம் வகுப்புக்கு இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். இந்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் பரிசோடு சேர்த்து அதையும் கேட்கப் போகிறேன்.