பேச்சால் எழுந்த ஊர்: ‘ஒரு புளியமரத்தின் கதை’

ஓர் ஊரைக் கண்முன் நிறுத்தும் நாவல் என்று கேள்விப்பட்டு, வயலும் ஆறும் மழையும் பக்கம் பக்கமாக வருணிக்கப்பட்டிருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்குச் சுந்தர ராமசாமியின் முதல் நாவல் தொடக்கத்தில் சற்று ஏமாற்றமாக இருக்கலாம். 1966இல் நூலாக வெளிவந்து, காலச்சுவடு பதிப்பாக இன்றும் கிடைக்கிற ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் இயற்கை வருணனை மிகக் குறைவு. ஒரு சாலைச் சந்திப்பு, அங்கே நிற்கும் மரம், அதைச் சுற்றி முளைத்த கடைகள், அந்தக் கடைகளின் முன்னால் ஓயாமல் நடக்கும் பேச்சு, இவ்வளவுதான் கதைக்கான முதலீடு. இதை வைத்துக்கொண்டு அவர் எழுப்பியிருக்கும் ஊர், நான் படித்த தமிழ் நாவல்களில் மிகத் தெளிவாக மனத்தில் நிற்கும் ஊர்களில் ஒன்று.

நாவலின் முதற்பகுதி தாமோதர ஆசான் என்ற கதைசொல்லியின் கையில் இருக்கிறது. ஊர் இளைஞர்கள் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். புளியமரம் ஒரு காலத்தில் குளத்துக்கு நடுவே நின்றது, அந்தக் குளம் மன்னர் காலத்தில் தூர்க்கப்பட்டது, செல்லத்தாயி என்ற பெண் அந்த மரத்தில் தூக்கிட்டுக்கொண்டாள் என்று அவர் சொல்லச் சொல்ல, இப்போது பஸ்ஸும் வண்டியும் ஓடுகிற தார்ச்சாலைக்கு அடியில் இன்னோர் ஊர் இருப்பது வாசகருக்குத் தெரியவருகிறது. ஆசான் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கைச்சரக்கு என்பதை நாவல் பிரித்துக் காட்டுவதில்லை. எந்த ஊரிலும் பழங்கதை அப்படித்தானே கைமாறுகிறது.

நான் மீண்டும் மீண்டும் படித்த இடம் காற்றாடி மரத்தோப்பு (சவுக்குத் தோப்பு) அழியும் பகுதி. சுதந்திரத்துக்குப் பின் அந்தத் தோப்பை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பூங்கா அமைக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர், மரத்தை எதற்கு வெட்டுகிறார்கள் என்று பக்கத்தில் நிற்கும் இளைஞனிடம் கேட்கிறார். செடி வைக்கப் போகிறார்கள் என்று பதில் வருகிறது. செடி எதற்கு, மரத்தைவிடச் செடி கூடுதல் காற்றுத் தருமா, வைத்த செடியும் வளர்ந்து மரமாகிவிடாதா என்று அவர் விடாமல் கேட்க, வளர வளர வெட்டிவிடுவார்கள் என்று அவன் சொல்லி முடிக்கிறான். நாஞ்சில் நாட்டுப் பேச்சில் சில வரிகளே நீளும் இந்த உரையாடலில் ஆசிரியர் தம் பங்குக்கு எதையும் விளக்குவதில்லை. ஆனால் வளர்ச்சி என்ற பெயரில் அந்த ஊருக்கு என்ன நேர்ந்தது என்பது முழுதாக அதில் இருக்கிறது.

நாகர்கோவிலை அறிந்தவர்கள் இந்தச் சந்திப்பைப் படிக்கும்போது அங்குள்ள வேப்பமூடு சந்திப்பையும் அதன் அருகே உள்ள பூங்காவையும் நினைக்காமல் இருக்க முடியாது. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை முதலில் திருவிதாங்கூரின், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த மண் அது. மன்னராட்சியின் நினைவு இன்னும் ஆறாத நிலையில் வாக்குச்சீட்டும் நகரசபையும் வந்து சேர்ந்த ஓர் ஊரின் தடுமாற்றம், வேறு எங்கே வைத்து எழுதியிருந்தாலும் இந்த உருவில் வந்திருக்காது.

பிற்பகுதியில் தாமு, அப்துல் காதர் என்ற இரு வியாபாரிகளின் போட்டி நகரசபைத் தேர்தல்வரை வளர்கிறது. ‘திருவிதாங்கூர் நேசன்’ நிருபர் இசக்கியும், வேட்பாளராக இழுத்துவரப்படும் கடலைத் தாத்தாவும் வரும் பக்கங்களில் கிண்டல் கூர்மையாக இருக்கிறது. ஆனால் ஆசான் கதையிலிருந்து விலகிய பிறகு, நிகழ்ச்சிகள் கொஞ்சம் திட்டமிட்டு அடுக்கியவைபோல் தோன்றுவதை மறைக்க முடியாது. மனிதர்களும் ஆளுக்கொரு குணமாகச் சுருங்கிவிடுகிறார்கள். பெண்கள் நிலையோ இன்னும் மோசம். செல்லத்தாயியைத் தவிர நினைவில் நிற்கும் பெண் ஒருத்தியைச் சொல்லுங்கள் என்றால் நான் திணறித்தான் போவேன். கடைத்தெருவைச் சுற்றிய கதை என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். கடைத்தெருவுக்குப் பெண்கள் வராமலா இருந்தார்கள்? 1998இல் வந்த ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ நாவலில் கோட்டயத்து வீடு ஒன்றின் உள்ளறைகள்வரை நுழைந்து எழுதியவர் அவரே என்பதால் இந்தக் குறை இன்னும் உறுத்துகிறது.

வட்டார வழக்கு தடையாகுமோ என்று தயங்குகிறவர்கள் தயங்க வேண்டியதில்லை. உரையாடல்களில்தான் அது அடர்த்தியாக வருகிறது. கதைசொல்லியின் நடை எந்த ஊர்த் தமிழருக்கும் எளிதில் பிடிபடும். ஹீப்ரு மொழிவரை சென்ற நாவல் இது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கன்னியாகுமரிப் பயணத்துக்கு முன் வழிகாட்டி நூலாகப் படிக்க நினைத்தால் கடலோ கோயிலோ கிடைக்காது. முன்னுரை, பின்னட்டை எதையும் புரட்டாமல் நேரே முதல் அத்தியாயத்தில் இறங்குவது நல்லது. மரத்தின் முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடும் என்றாலும், அதற்கு யார் எப்படிக் காரணமானார்கள் என்பதை நாவலே சொல்லக் கேட்பதில் தனிச் சுவை இருக்கிறது.