டர்பன் கப்பல் பட்டியலில் முன்னோரைத் தேட: பெயரா, ஒலியா, நட்சத்திரக் குறியா, எண்ணா?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: நம் ஆட்கள் எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார்கள்? 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். அவர்கள் விவரம் எழுதிய கப்பல் பட்டியல்கள் இன்று கணினியில் தேடும்படி வந்துவிட்டன. ஆனால் எனக்குத் தெரிந்த பலரும் தேடுபெட்டியில் தங்கள் குடும்பப் பெயரை அடிக்கிறார்கள், ஒன்றும் வருவதில்லை, அல்லது யார் யாரோ வருகிறார்கள், உடனே மூடிவிட்டு "நம்ம பேரு அதுல இல்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் பெயர் அதில் இருக்கும். தேடிய வழிதான் சரியில்லை. நானே பல மாதம் தவறாகத் தேடியவன், அதனால்தான் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கப்பல் பட்டியலில் இன்றைய அர்த்தத்தில் குடும்பப் பெயர் கிடையாது. ஆளின் பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் நிலைய எல்லை), கிராமம், உடம்பில் உள்ள அடையாளம், இவைதான் இருக்கும். கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை என்று இன்று நாம் கையெழுத்துப் போடுவது பிற்பாடு பதிவேடுகளில் நிலைத்தது. பல குடும்பங்களில் அப்பாவின் பெயரோ தாத்தாவின் பெயரோதான் அப்படியே குடும்பப் பெயராகிவிட்டது. ஆகவே குடும்பப் பெயரை வைத்து ஆரம்பித்தால் முதல் அடியே தப்பு.

சரி, எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும் வழியைப் பார்ப்போம். தளங்களில் 'சரியாகப் பொருந்தியது மட்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டால் நீங்கள் அடித்த எழுத்து எப்படியோ அப்படித்தான் தேடும். முனுசாமி என்ற ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: முன்சாமி, மூன்சாமி, முனிசாமி, கடைசியில் 'சாமி', 'சௌமி', 'ஸ்வாமி' என்று அந்தக் கால எழுத்தர்கள் ஆங்கிலத்தில் எழுதிய விதம் ஒன்றா இரண்டா. நம்மவரில் பலருக்கு ஆங்கில எழுத்து தெரியாது, எழுத்தர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார். அதனால் பெயருக்கு இந்த வழி அநேகமாக வீண். எண்ணுக்கு மட்டும் இதுவே சிறந்த வழி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஒலி ஒத்த தேடல். சில தளங்களில் இதை சவுண்டெக்ஸ் என்பார்கள். 1918 இல் அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் காப்புரிமை வாங்கிய முறை இது. ஆங்கில எழுத்தில் பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துகளைத் தூக்கி எறியும், மீதி மெய்களுக்கு எண் போட்டு மொத்தம் ஒரு எழுத்தும் மூன்று எண்ணுமாகக் குறுக்கிவிடும். முன்சாமி, மூன்சாமி, முனுசாமி மூன்றும் 'எம் 525' ஆகிவிடுவதால் ஒரே தேடலில் மூன்றும் வந்துவிடும், சாமியா சௌமியா என்ற கவலையும் இல்லை. உயிரெழுத்து மட்டும் மாறியிருக்கும் பெயர்களுக்கு இது நிஜமாகவே நல்ல உதவி, மறுக்கவில்லை.

ஆனால் நம் பெயர்களில் இது இரண்டு இடத்தில் சறுக்குகிறது, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தமிழில் க, ப, த என்ற எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒலி. கோவிந்தனை ஒருவர் ஜி போட்டு எழுதுவார், இன்னொருவர் கே போடுவார். பெருமாளுக்கு ஒருவர் 'பேப்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் போடுவார், இன்னொருவர் 'பேபி'யின் முதல் எழுத்தைப் போடுவார். சவுண்டெக்ஸ் முதல் எழுத்தைத் தொடவே தொடாது, ஆகவே 'ஜி 153' இல் தேடினால் 'கே 153' இல் இருக்கும் கோவிந்தன் உங்கள் கண்ணில் படவே மாட்டார், எண் மூன்றும் ஒன்றாக இருந்தும். ழகரமும் அப்படித்தான், அழகன் என்ற பெயரை 'எல்' போட்டு எழுதினால் ஒரு குறியீடு, 'இசட் எச்' போட்டால் வேறு குறியீடு. மறுபக்கம் சம்பந்தமே இல்லாதவர்களை ஒன்றாக்கிவிடுகிறது: மங்கம்மாவின் குறியீடும் 'எம் 525', முனுசாமியின் குறியீடும் அதேதான்! முனியனும் முனியம்மாவும் ஒரே 'எம் 550'. பெரிய பட்டியலில் இப்படிக் கலந்தால் உட்கார்ந்து பிரித்தெடுக்க ஒரு வாரம் போதாது.

நட்சத்திரக் குறி (*), கேள்விக்குறி (?) வைத்துத் தேடுவது இதைவிட நம் பெயர்களுக்கு ஒத்துவரும் என்பது என் தீர்மானமான கருத்து. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் நட்சத்திரக் குறி என்றால் அங்கே எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், கேள்விக்குறி என்றால் சரியாக ஒரே எழுத்து. கோவிந்தனுக்கு முதல் எழுத்தின் இடத்தில் கேள்விக்குறி வைத்து, நடுவில் 'வி', 'என்' இரண்டையும் மட்டும் விட்டு, சந்தேகமான இடங்களில் நட்சத்திரம் போட்டால் ஜியும் வரும், கேயும் வரும், கடைசியில் 'டன்' 'தன்' எல்லாமே வரும். சில தளங்கள் முதல் எழுத்தில் குறியை ஏற்றுக்கொள்ளாது. அங்கே ஜி ஒரு தடவை, கே ஒரு தடவை என்று தனித்தனியாகத் தேடிவிடுங்கள், பெரிய வேலை இல்லை. பெண்கள் பெயரில் 'அம்மா', 'அம்மாள்', 'அம்மே' என்று கடைசி மாறுவதால் 'எம் எம்' என்பதற்குப் பிறகு நட்சத்திரம் வைத்தால் போதும். எந்த எழுத்து மாறாது என்று நீங்களே யோசித்து முடிவு செய்கிறீர்கள், அந்த முடிவைத் தமிழ் தெரிந்த நாம்தான் சரியாக எடுக்க முடியும்.

இதன் குறை ஒன்றே ஒன்று: நட்சத்திரத்தை தாராளமாகப் போட்டால் ஆயிரக்கணக்கில் கொட்டும். அப்போதுதான் வடிகட்டிகள் தேவை. வருடத்தில் ஆரம்பியுங்கள். நாட்டாலுக்கு ஆள் கொண்டுவருவது 1866 இல் நின்று 1874 இல்தான் திரும்ப ஆரம்பித்தது, ஆக உங்கள் வீட்டில் "1870 வாக்கில் வந்தார்" என்று சொன்னால் அதை 1866 வரை ஒரு தடவை, 1874 இலிருந்து ஒரு தடவை என்று இரண்டாகப் பிரித்துத் தேடுங்கள். வயதை ஐந்து வருடம் இப்படி அப்படி விடுங்கள், யாரிடமும் பிறந்த தேதி கிடையாது. ஆண் பெண் வடிகட்டியும் உதவும், பெண்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் பட்டியல் சட்டென்று சுருங்கும். ஜில்லாவில் கவனம் வேண்டும். இன்று சித்தூர் மாவட்டத்தில் உள்ள பல ஊர்கள் பட்டியலில் வட ஆற்காடு என்றே இருக்கும், ஏனென்றால் சித்தூர் மாவட்டமே 1911 இல்தான் உண்டானது.

தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகத்தின் 'நாயர்ஸ்' என்ற தேடல் தளம் வேறு மாதிரி. அதில் ஆட்கள் இல்லை, கோப்புகளின் விவரம்தான் இருக்கிறது, கோப்பின் உள்ளே உள்ளதை அது காட்டாது. முதலில் எந்தக் காப்பகத்தில் தேட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், நமக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள நாட்டால் காப்பகம். சொற்களை 'மற்றும்', 'அல்லது', 'இல்லை' என்ற இணைப்புகளால் கோக்கலாம். பெயர் ஒரு கட்டம், 'இந்தியர்' என்ற சொல் ஒரு கட்டம் என்று 'மற்றும்' போட்டுத் தேடினால் பொறுமைக்குப் பலன் உண்டு. முதல் நாளே இதில் இறங்க வேண்டாம்.

இனி எண். ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஒரு கலோனியல் நம்பர் கொடுத்தார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு என்று அதன் பிறகு எழுதிய காகிதங்களில் பெயர் எப்படி மாறினாலும் எண் அப்படியே வரும். மேலே சொன்ன எல்லா வழியையும் ஒரு தட்டில் வைத்து இந்த ஒன்றை மறுதட்டில் வைத்தாலும் இதுதான் கனக்கும். ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் ஆயா பெட்டியைத் திறங்கள், அத்தை வீட்டு அலமாரியைத் திறங்கள், பழைய கல்யாணச் சான்றிதழின் ஓரத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் ஆயாவுடைய சான்றிதழ் டோங்காட்டில் ஒரு பெரியம்மா வீட்டில், தகரப் பெட்டியில், இத்தனை வருடம் சும்மா கிடந்தது. அந்த எண்ணைச் 'சரியாகப் பொருந்தியது' கட்டத்தில் போட்டேன், ஒரே ஒரு வரி வந்தது. பெயரை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காத விதத்தில் எழுதியிருந்தார்கள், எந்த நட்சத்திரம் வைத்திருந்தாலும் பிடித்திருக்க முடியாது.

எண் கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரே கப்பலில் வந்தவர்களுக்கு எண் வரிசையாக வரும், குடும்பமாக வந்தவர்கள் அடுத்தடுத்து இருப்பார்கள். ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் தேடுங்கள். எங்கள் ஆயாவுக்கு அடுத்த எண்ணில், அதே அப்பா பெயர், அதே கிராமம், எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். தம்பியோடு வந்தார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனை எந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள் என்ற இடம் காலியாக இருக்கிறது. இப்போது அவன் பெயரின் முதல் எழுத்தில் கேள்விக்குறி வைத்து, கல்யாணப் பதிவுகளில் தேடிக்கொண்டிருக்கிறேன்.